மண்ணூரில் வண்டி சொன்ன வாக்கு

2012ஆம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்ணூர் பக்கம் போனவர்கள், ஏதோ புதுக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவ்வளவு கூட்டம். அவ்வளவு பைக். கம்பெனி வாசலில்கூட நம் பையன்கள் இப்படிக் கைகட்டி வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. மனை பிரித்து விற்காமல் கிடந்த பொட்டலில் ஒரு பந்தல். பந்தலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியின் மேல் புலித்தோல் படம் அச்சடித்த போர்வை. போர்வையின் மேல் வாகனநாத சித்தர்.

சித்தருக்கு முகம் பார்த்துச் சொல்லத் தெரியாது. கைரேகை தெரியாது. கிளி, சோழி, வெற்றிலை எதுவும் கிடையாது. அவர் வண்டியிடம் கேட்பார். வண்டி பதில் சொல்லும். வாயுள்ள மனிதனே சூப்பர்வைசர் முன்னால் பதில் சொல்லத் திணறுகிற ஊர் இது. இங்கே வாயில்லாத வண்டி பதில் சொன்னால் கூட்டம் வராமல் என்ன செய்யும்.

முறை சுலபமானது. வண்டியைக் கொண்டுபோய்ச் சித்தருக்குப் பத்தடி தள்ளி நிறுத்த வேண்டும். அதில் மாட்டியிருக்கும் பிளேயரில் பாட்டைப் போட வேண்டும். கேள்வியைக் கேட்க வேண்டும். சித்தர் கண்ணை மூடி, கையிலிருக்கும் மயிலிறகுக் கட்டால் வண்டியை நோக்கி ஒரு வீசு வீசுவார். பாட்டு தொடர்ந்து ஓடினால் நல்ல வாக்கு. பட்டென்று நின்றுபோனால் கெட்ட வாக்கு. வண்டியை அவர் விரலால்கூடத் தொடமாட்டார். தொடாமலே நிற்கிறதே என்பதில்தான் ஓரகடம் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை அத்தனை பேரும் சொக்கிப்போனார்கள்.

வண்டிக்கு எதற்குப் பாட்டு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இங்கே ஒரு வாடகை அறையில் எட்டுப் பேர். மூன்று ஷிப்ட். எந்த நேரத்தில் கதவைத் திறந்தாலும் யாராவது ஒருவன் முகத்தில் லுங்கியைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். அங்கே பாட்டுப் போட்டால் அடிதான் விழும். போடலாம் என்றாலும் கரண்டு இருக்காது. ஆக, தென்மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்த பையனுக்குத் தனக்கென்று பாட்டுக் கேட்க இருக்கும் ஒரே இடம் அவன் பைக். கையில் இருப்பதோ கொஞ்சம். அதனால் ஒரு மாதம் ஸ்பீக்கர், அடுத்த மாதம் வயர், பிறகு எங்கேயாவது கழித்துக் கட்டின ஆம்ப்ளிபயர் என்று வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடகனாக்குவார்கள்.

இசக்கிபாண்டியும் அப்படித்தான் சேர்த்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ஓரகடத்தில் காருக்கு சீட் தைக்கும் கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. சென்னையில் பழைய சாமான் கடையில் ஒரு கார் செட் வாங்கினான். நல்ல கம்பெனி செட். ஆட்டோவிலிருந்து கழற்றின இரண்டு ஸ்பீக்கர். அடிச்சத்தம் போதவில்லை என்று, ஊரிலிருந்து முறுக்கு வந்த எவர்சில்வர் தூக்குவாளியில் ஓட்டை போட்டு ஒரு ஸ்பீக்கரை அதற்குள் இறக்கினான். மழைக்குப் பாலித்தீன் உறை. கேட்கச் சகிக்காது என்று நினைப்பீர்கள். நான் கேட்டிருக்கிறேன். அருமையாக இருக்கும். தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவனால் பாதிதான் கேட்க முடியும் என்பது வேறு விஷயம். மீதியை ஊர் கேட்டது.

பின்சீட்டில் உட்கார்ந்து நன்றாகக் கேட்டவள் ஏலவார்குழலி. வாலாஜாபாத்துக்காரி. அதே கம்பெனியில் பக்கத்து லைன். இருவருக்கும் கல்யாணம் என்று பேச்சாகி, பெண் வீட்டில் தலையாட்டி, பையனின் அம்மா செல்லக்கனி ஊரிலிருந்து வந்து பூ வைப்பது ஒன்றுதான் பாக்கி. இந்த நேரத்தில்தான் வாகனநாதர் அவதரித்தார்.

அவதாரத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. எல்லா பிளேயரும் சித்தருக்குக் கட்டுப்படாது. ஸ்ரீபெரும்புதூரில் விமல் என்பவன் நடத்தும் கடையில் விற்கிற பிளேயர் மட்டும்தான் கட்டுப்படும். உள்ளங்கை அகலம், பென்டிரைவ் செருக ஒரு ஓட்டை, நீல விளக்கு. விலை மலிவு, சத்தம் அதைவிட மலிவு. வேறு செட் மாட்டின வண்டியைச் சித்தர் முன்னால் நிறுத்தினால் வருத்தமாகச் சிரிப்பார்.

"இந்த வாகனத்தின் செவி மாயையால் அடைபட்டிருக்கிறது, மகனே. விமலிடம் போ."

விமல் பழைய நல்ல செட்டை வாங்கிக்கொண்டு, மேலே கொஞ்சம் பணமும் வாங்கிக்கொண்டு, தன் மலிவு பிளேயரை மாட்டி அனுப்புவான். மாட்டியவர்கள் மேம்பாடு அடைந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

பிளேயரோடு பெட்டியில் சீட்டுக்கட்டுச் சீட்டு அகலத்தில் ஒரு ரிமோட் வரும். அதற்கும் சித்தர் விதி வகுத்திருந்தார். ரிமோட் சோம்பேறித்தனத்தின் வடிவம். அதைச் சிவப்புத் துணியில் சுற்றிச் சாமி படத்தடியில் வைத்துவிட வேண்டும். யாரும் தொடக்கூடாது. ஆயுத பூசைக்கு அளக்கும் டேப்பையும் ஸ்பேனரையும்கூடச் சாமி படத்தடியில் வைத்துப் பழகியவர்கள்தானே. ஒருவன் பாக்கி இல்லாமல் வைத்தார்கள். ஊதுபத்தியும் காட்டினார்கள்.

குழலிக்கு இது பிடிக்கவில்லை.

"நல்லாப் பாடிக்கினு கீற செட்ட இன்னாத்துக்குக் கயட்டணும்?"

"கோமதிநாயகம் மாத்திட்டான். அவனுக்கு பெர்மனென்ட் ஆவும்னு வண்டி சொல்லிருக்கு."

"ஆச்சா?"

"ஆவும்னு சொல்லிருக்கு."

கோமதிநாயகம் இசக்கிபாண்டியின் அறைக் கூட்டாளி. அவன் வண்டி அவனுக்கு மூன்று முறை பெர்மனென்ட் சொல்லிவிட்டது. கம்பெனி ஒருமுறையும் சொல்லவில்லை. அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை.

கடைசியில் இசக்கிபாண்டியும் மாற்றினான். தூக்குவாளி கழன்று விழுந்தது. வண்டியைச் சித்தர் முன்னால் நிறுத்தினான்.

"இத்தனை நாள் தாமதம் ஏன், மகனே? தடுத்தது யார்?"

பையன் சூதுவாது தெரியாதவன். "கட்டிக்கிடப் போற பிள்ளதான் சாமி. இதெல்லாம் ஏமாத்துன்னு சொல்லுதா."

சித்தர் பந்தல் ஓரமாக நின்ற விமலைப் பார்த்தார். விமல் சித்தரைப் பார்த்தான். கல்யாணக் கேள்வி கேட்கச் சொல்லி உத்தரவானது. மயிலிறகு வீசியது. பாட்டு செத்தது. இன்னொரு முறை போட்டுக் கேட்டார்கள். இன்னொரு முறையும் செத்தது.

"அந்தப் பெண்ணின் மூச்சு உன் வாகனத்துக்கு ஆகாது. அவள் பின்னால் ஏறினால் சக்கரம் உன் பேச்சைக் கேட்காது" என்றார் சித்தர்.

ஒரு மனிதன் தனக்குப் பிடித்த பெண்ணை அப்பா சொல்லி விட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஜாதகம் சொல்லி விட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நூறு சிசி வண்டி சொல்லி விட்டது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. அந்தப் பெண் வீட்டில் புடவைகூட எடுத்துவிட்டார்கள்.

வாலாஜாபாத்தில் ஒரு டீக்கடை வாசலில் வைத்து இசக்கிபாண்டி அவளிடம் விஷயத்தைச் சொன்னான். தலை குனிந்துதான் சொன்னான். அது ஒன்றுதான் அவன் செய்த மரியாதை.

"அப்ப நீ என்னிய வாணாம்னு சொல்ற."

"நா சொல்லல குழலி. வண்டி சொல்லிட்டு."

அவள் அழுதிருப்பாள். அழுவதற்குள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த உரக்கடைக்காரர் ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் தன் மொபெட்டைக் காட்டிப் பெருமையடித்தார். அதிலும் விமல் கடைப் பிளேயர்தான். சித்தரைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. அதனால் ரிமோட்டைச் சாமியாக்காமல் சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்து அழுத்தினார். அவர் மொபெட் பாடியது. கூடவே, யாரும் தொடாத இசக்கிபாண்டியின் பைக்கும் பாடியது.

இசக்கிபாண்டி திடுக்கிட்டு மண்ணூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"சாமிக்கு அங்கயிருந்தே தெரிஞ்சு போச்சு பாத்தியா?"

குழலி மண்ணூரைப் பார்க்கவில்லை. உரக்கடைக்காரர் கையைப் பார்த்தாள்.

"அண்ணா, இன்னொரு தபா அழுத்துங்க."

அழுத்தினார். இரண்டும் நின்றன. மறுபடி அழுத்தச் சொன்னாள். இரண்டும் பாடின. அவள் பைக்குக்குப் போய், நீல விளக்குக்குப் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு இருந்த கறுப்புக் கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு இன்னொரு முறை அழுத்தச் சொன்னாள். மொபெட் நின்றது. பைக் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

"தெர்தா? எல்லாம் ஒரே சரக்கு. ஒரு ரிமோட்டு எல்லாத்துக்கும் வேல செய்து. உங்க சாமி கையிலயும் ஒண்ணு கீது."

"சாமி கையில மயிலிறகுல்லா இருக்கு" என்றான் இசக்கிபாண்டி. கண்ணெதிரே நடந்ததைவிடத் தான் நம்பியது பெரிது என்று முடிவு செய்தவனிடம் என்ன பேசுவது. குழலி எழுந்து போனாள். உரக்கடைக்காரரிடம் ரிமோட்டை ஞாயிற்றுக்கிழமை வரை இரவல் வாங்கிக்கொண்டாள்.

செல்லக்கனியம்மாள் பூ வைக்க வந்தவள். வந்த இடத்தில் வண்டி வேண்டாம் என்கிறது என்று மகன் சொன்னதும் குழம்பிப்போனாள். குழலி நேராக அவளிடமே போனாள்.

"அத்த, ஞாயித்துக்கெழம நீங்க வந்து ஒக்காருங்க. உங்க கண்ணு முன்னால கேக்கட்டும். அப்பவும் பாட்டு நின்னுச்சின்னா நானே போயிடறேன். எங்க வூட்லயும் நானே சொல்லிக்கிறேன்."

"பேச்சு மாறமாட்டியேத்தா?"

"மாற மாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். தெற்கத்திப் பையன்கள், காஞ்சிபுரம் பக்கத்துக் குடும்பங்கள், சீருடையைக் கழற்றாமலே வந்தவர்கள். வரிசையாக நூறு வண்டிக்குக் குறையாது. எல்லாவற்றிலும் நீல விளக்கு. சித்தர் இசக்கிபாண்டியையும், பின்னால் வந்த தாயையும், அவளுக்குப் பின்னால் வந்த குழலியையும் பார்த்தார். இரக்கத்தோடு புன்னகை செய்தார்.

"தாயே, விதியை மறுபடி கேட்டு ஏன் வருந்துகிறாய்?"

"எங்கண்ணால ஒருக்கா பாத்துக்கிடுதேன் சாமி. அவ்வளவுதான்" என்றாள் செல்லக்கனி.

பாட்டைப் போட்டார்கள். குழலி பின்சீட்டில் ஏறி உட்கார வேண்டும் என்று உத்தரவு. அவள் ஏறுவதற்கு முன்னால் கையைக் குவித்து, பணிவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"சாமி, வண்டிக்கு ஒரு பொட்டு வெக்கலாமா?"

பொட்டு மங்கலம் ஆயிற்றே. எந்தச் சாமியார் வேண்டாம் என்பார். "வை, மகளே" என்று கருணை காட்டினார்.

குழலி தன் நெற்றியிலிருந்த பெரிய வெல்வெட் பொட்டை எடுத்தாள். பிளேயரில் இருந்த கறுப்புக் கண்ணின் மேல் அழுத்தி ஒட்டினாள். ஏறி உட்கார்ந்தாள்.

சித்தர் கண்ணை மூடினார். மயிலிறகை வீசினார். பாட்டு ஓடியது. கண்ணைத் திறந்தார். மறுபடி வீசினார். பாட்டு ஓடியது. ஆனால் பின்வரிசையில் நின்ற ஒரு வண்டி சும்மா இருக்க முடியாமல் குத்துப் பாட்டில் அலறியது. சித்தர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வேகமாக வீசினார். பக்கத்து வண்டியில் எப்.எம். பெண்மணி ஒருத்தி நேயர்களுக்கு வணக்கம் சொன்னாள். அலறிய வண்டி நின்றது, நின்ற வண்டி அலறியது. இசக்கிபாண்டியின் வண்டி மட்டும் மூன்றாவது சரணத்துக்கு வந்து நிம்மதியாகப் பாடிக்கொண்டிருந்தது. சித்தர் எழுந்து நின்று, கரப்பான் பூச்சியை விரட்டுகிறவர்போல இரண்டு கையாலும் வீசினார்.

"செய்வினை. இந்தப் பெண் வாகனத்துக்குச் செய்வினை வைத்துவிட்டாள்" என்றார்.

கூட்டம் ஐயோ என்று பின்வாங்கியது. இதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தக் கணத்திலும் பாதிப் பேர் அதை நம்பினார்கள்.

"வெச்சது பொட்டு. செய்வினை இதுல கீது" என்று குழலி இறங்கி, பொட்டை உரித்தெடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த ரிமோட்டை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். அழுத்தினாள். இசக்கிபாண்டியின் வண்டி நின்றது. கையைச் சுழற்றி வரிசை முழுக்க அழுத்திக்கொண்டே போனாள். ஒரு வண்டி பாடியது, ஒரு வண்டி ஊமையானது, ஒரு வண்டியில் எப்.எம். போய்ப் பக்திப் பாட்டு வந்தது. பிறகு ரிமோட்டைச் செல்லக்கனியின் கையில் கொடுத்தாள்.

"நீங்க கேளுங்க அத்த."

செல்லக்கனி தயங்கித் தயங்கிக் கட்டைவிரலால் அழுத்தினாள். மகனின் வண்டி பாடியது. இன்னொரு தடவை அழுத்தினாள். நின்றது. ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"எம்மருமவள வேண்டாமுன்னு சொன்னது இதுக்குள்ளதான் இருக்கா?" என்றாள். நடந்துபோய்ச் சித்தரின் கையிலிருந்த மயிலிறகைக் கொத்தாகப் பிடித்துப் பிய்த்தாள். இறகுகள் பறந்தன. நடுவில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிய ரிமோட் ஒன்று, அம்மணமாக நின்றது.

சித்தரின் செந்தமிழ் அந்த நொடியில் விடைபெற்றது.

"டேய் விமலு, வண்டிய எட்றா."

விமல் அவருக்கு முன்பே எடுத்திருந்தான். ஆனால் அருகில் குடியிருந்த பையன்கள், குழலி ரிமோட்டைத் தூக்கிக் காட்டியபோதே அறைக்கு ஓடி, சாமி படத்தடியிலிருந்து சிவப்புத் துணிகளை அவிழ்த்துக்கொண்டு திரும்பியிருந்தார்கள். இருபது ரிமோட், நூறு வண்டி. அந்த இரைச்சலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். விமலின் வண்டியும் பாடி, நின்று, பாடி, வேலிப் பக்கம் போய் மாட்டிக்கொண்டது. பிடித்து இழுத்து வந்தார்கள்.

"ரெண்டு பெட்டி சரக்கு தேங்கிப்போச்சுண்ணா. யாரும் வாங்கல. இவரு கேபிள் டிவி வசூலுக்கு வந்துக்கினு இருந்தவரு. பேரு சுப்பராயன். அவரு குடுத்த ஐடியாதாண்ணா" என்றான் விமல்.

"ஐடியா உன்னுது, இறகுதான் என்னுது" என்றார் சுப்பராயன். பங்கு பிரிப்பதில் அந்த நேரத்திலும் நேர்மை.

கழற்றின செட்டுகளையெல்லாம் அன்று ராத்திரியே கடையைத் திறந்து திருப்பிக் கொடுப்பதாக விமலை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கோமதிநாயகம் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தான். குழலி முன்னால் நிறுத்தினான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினான். அவன் பின்னால் அதற்குள் ஒரு வரிசையும் சேர்ந்துவிட்டது.

"தாயி, எனக்கு பெர்மனென்ட் ஆவுமான்னு ஒருக்கா அமுக்கிப் பாருங்க."

குழலி செல்லக்கனியிடமிருந்து ரிமோட்டை வாங்கி, அதன் முதுகைத் திறந்து, பொத்தான் அளவு பேட்டரியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இந்த சாமிக்கு இருந்த உயிரு இவ்ளோதான். ஆவுமா ஆவாதான்னு எச்.ஆர். ஆபீஸ்ல போயிக் கேளு."

கம்பெனிக்குள் வருகிற ஒவ்வொரு போல்ட்டையும் உருட்டிப் பார்த்து, மயிரிழை குறையிருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புகிற கைகள் இவை. அந்தக் கைகளைத்தான் கும்பிடக் கூப்பிக்கொண்டு நிற்கிறார்கள். காதுக்குள் வருகிற சரக்குக்கு மட்டும் சோதனையே கிடையாதா என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் என்னையும் கும்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து சும்மா இருந்தேன்.

செல்லக்கனி கொண்டுவந்த பூ பையிலேயே இருந்தது. எடுத்தாள். குழலி ஓரடி தள்ளி நின்றாள்.

"கொஞ்சம் இருங்க அத்த. உங்க புள்ள இன்னும் வாயத் தொறக்கல."

இசக்கிபாண்டி அவள் முன்னால் வந்து நின்றான். "தப்புதான் குழலி. என்னிய கட்டிக்கிடுவியா?"

"உன் வண்டியக் கேளு" என்றாள் அவள்.

அவள் எரிச்சலில் சொன்னாள். அவன் பழக்கத்தில் திரும்பி வண்டியைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் செல்லக்கனியின் கை அவன் பிடரியில் விழுந்தது. பந்தலின் கடைசி வரை கேட்டது அந்தச் சத்தம்.

"அங்க என்னல பாக்க? கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சிருக்கல்லா, அது ஹெல்மெட்டு மாட்டுததுக்கு மட்டுமால? அதக் கேளுல, மூதி."